வெள்ளெழுத்து: கண் சோதனையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழர் திருமணச் சடங்குகளுள் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தல் யாவரும் அறிந்த ஒன்றாகும். வடவானில் தோன்றும் சப்தரிஷி மண்டலத்தின் வாற்பகுதியில் வசிட்டன் எனப் பெயரிய விண்மீன் ஒன்று உளது. அதன் அருகே, உற்று நோக்குவார்க்கு மட்டும் புலப்படும் மங்கலான சிறு விண்மீனே அருந்ததி. பகலில் நிகழும் திருமணங்களிலும் குருக்கள் வானத்தைச் சுட்டிக் காட்டுவார். மணமக்கள் நிமிர்ந்து நோக்கித் தலையசைப்பர். எவரும் எதனையும் காண்பதில்லை. சடங்கின் பொருள் கற்பைப் பற்றியதாதலின், காணாமை அங்கு ஒரு குறையாகக் கருதப்படுவதுமில்லை.

ஆயின் இதே விண்மீனுக்கு வரலாற்றில் வேறொரு பணியும் இருந்தது. அராபியர் இதனைச் சுகா என அழைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கஸ்வீனி என்னும் அறிஞர், மக்கள் தம் கண்ணின் கூர்மையை இவ்விண்மீனைக் கொண்டு சோதித்தனர் எனக் குறித்துள்ளார். இந்திய மருத்துவ மரபின் பழம்பெரு நூல்களுள் ஒன்றாகிய சரக சங்கிதையோ இதே காட்சிக்கு முற்றிலும் மாறான பொருள் கூறுகின்றது. ஏழு முனிவரின் அருகிலுள்ள அருந்ததியைக் காண இயலாதவன் ஓராண்டின் முடிவில் இறப்பான் என, சாக்குறிகளைத் தொகுத்துரைக்கும் பகுதியில் அந்நூல் சொல்கின்றது. விண்மீன் ஒன்றே, காணாமையும் ஒன்றே. ஆனால் ஒரு சாரார்க்கு அது கண்ணின் அளவாகவும், மற்றொரு சாரார்க்கு ஊழின் அறிவிப்பாகவும் அமைந்தது.

பார்வை குன்றுதலை அளக்கத்தக்க ஒன்றாகக் கொள்வதா, அன்றி ஏற்றுக்கொள்ள வேண்டிய விதியாகக் கொள்வதா என்னும் இவ்வேறுபாடு பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. கண்ணைச் சோதிப்பதற்குரிய காலம் எது என்பதை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர், எவ்விடங்களில் அறியத் தவறினர் என்பதை வரலாற்று நிலையில் நின்று நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வறிதலிலுள்ள இடர்ப்பாட்டை உணர்தல் வேண்டும். பல் பழுதுற்றால் வலிக்கும். காய்ச்சல் கண்டால் உடல் கொதிக்கும். பார்வை குன்றும்போதோ பெரும்பாலும் வலியில்லை. நேற்றுக் கண்ட காட்சியை இன்று காணும் காட்சியோடு அருகருகே வைத்து ஒப்பிட ஒருவராலும் இயலாது. கண் பிறவற்றைக் காண்பதன்றித் தன்னைத் தான் காண்பதில்லை. ஆதலின் பார்வை குறைந்தவர் முதலிற் குறை காண்பது தம் கண்ணிலன்று. விளக்கிலும், அச்சிலும், தாளிலுமே குறை காண்கின்றார். தமிழிலே நடுவயதிற் கிட்டப் பொருளைக் காண இயலாதுபோதலைக் குறிக்க வழங்கும் சொல் 'வெள்ளெழுத்து' என்பதாகும். எழுத்து வெளிறித் தோன்றுகின்றது என்பதே அதன் கருத்து. குறையுடையது கண், பழியேற்பது எழுத்து. நம் முன்னோர் தம் அனுபவத்தை உள்ளவாறே பெயராக்கி வைத்துள்ளனர் எனலாம். தெலுங்கு மொழியில் இதே குறைக்கு வழங்கும் 'சத்துவாரம்' என்னும் சொல், நாற்பது என்ற எண்ணைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. ஒரு மொழி அறிகுறியைப் பெயராக்கிற்று. மற்றொரு மொழி காலத்தைப் பெயராக்கிற்று. சோதனைக்குரிய வேளையை அறிவதற்கு இவ்விரண்டும் வேண்டப்படுவன என்பது பின்னர் விளங்கும்.

பண்டை மருத்துவர் இவ்வறிகுறிகளை அறியாதிருந்தாரல்லர். சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் எழுபத்தாறு கண்ணோய்களை வகுத்துரைக்கின்றது. பார்வை படிப்படியாக மங்கும் திமிர நோயைப் பற்றிக் கூறுமிடத்து, நோய் கண்ணின் ஒவ்வொரு படலத்தையும் பற்றுந்தோறும் தோன்றும் மாற்றங்களை அந்நூல் தனித்தனியே விவரிக்கின்றது. இல்லாத ஈக்களும் கொசுக்களும் மயிர்க்கற்றைகளும் கண்முன் மிதப்பதுபோலத் தோன்றுதல், தொலைவிலுள்ளது அண்மையிலும் அண்மையிலுள்ளது தொலைவிலும் இருப்பதாக மயங்குதல், எத்துணை முயன்றும் ஊசியின் காதைக் காணமுடியாதுபோதல் என்பன அவற்றுட் சில. ஊசிக்காது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையை அழைக்கும் பாட்டியரை நம் வீடுகள் அனைத்தும் அறியும். அக்காட்சியை இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய மருத்துவ நூல் ஒரு நோய்க்குறியாகப் பதிந்து வைத்திருக்கின்றது. எனினும் இஃது ஓர் அறிகுறியே, அளவையன்று. காது காணாதவர் எவ்வளவு காணாதவர் என்பதை அது சொல்லாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது. 1306 ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் மறையுரை நிகழ்த்திய ஜொர்டானோ என்னும் துறவி, இக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள் தாமும் ஆகவில்லை என்று குறிப்பிட்டுள்ளார். முதலில் தோன்றியவை கிட்டப் பார்வைக்கு உதவும் குவிவு வில்லைகளே. பதினைந்தாம் நூற்றாண்டில் தொலைப் பார்வைக்கு உதவும் குழிவு வில்லைகளும் வழக்கிற்கு வந்தன. 1462 ஆம் ஆண்டு மிலான் நாட்டுக் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, புளோரன்சிலிருந்த தம் தூதருக்கு எழுதிய கடிதமொன்றில் மூன்று டசின் கண்ணாடிகளை அனுப்புமாறு பணித்தார். ஒரு டசின் தொலைவைக் காண்பதற்குரியவை, அஃதாவது இளையோர்க்கு. ஒரு டசின் அண்மையைக் காண்பதற்குரியவை, அஃதாவது முதியோர்க்கு. எஞ்சிய டசின் இயல்பான பார்வையினர்க்கு.

இக்கட்டளை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கண்ணாடி வந்தது, கண் சோதனை வரவில்லை. எவருடைய கண்ணும் பார்க்கப்படாமலே முப்பத்தாறு கண்ணாடிகள் கோரப்பட்டன. வாங்குவோர் ஒவ்வொன்றாக அணிந்து பார்த்துத் தமக்குப் பொருந்தியதைத் தெரிந்துகொண்டனர். 1623 ஆம் ஆண்டு ஸ்பானியாவின் செவில் நகரில் பெனித்தோ தாசா தே வால்டேஸ் என்பார் கண்ணாடியின் பயன் பற்றி நூலொன்று வெளியிட்டு, வில்லைகளின் வலுவைப் படிமுறையாக அளவிட்டு வழங்கும் முறையை அதில் விளக்கினார். இவர் மருத்துவருமல்லர், வணிகருமல்லர். சமய விசாரணை மன்றத்தின் பத்திரம் எழுதும் அலுவலர். இத்தகைய முயற்சிகள் இருந்தும், கடைத்தட்டிலிருந்து தாமே கண்ணாடி தெரிந்தெடுக்கும் வழக்கம் அதன்பின்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கண்ணுக்குரிய நீதிபதியாகக் கண்ணே அமர்ந்திருந்த காலம் அது.

அக்காலத்தின் அவல நிலையைப் பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் வாழ்ந்த இருவரின் வரலாறு நன்கு புலப்படுத்தும். ஒருவர் கவிஞர் ஜோன் மில்டன். 1652 ஆம் ஆண்டளவில் அவர் முற்றாகப் பார்வை இழந்தார். 1654 இல் லெனார்ட் பிலாராஸ் என்னும் கிரேக்க நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம் பார்வை மறைந்த வரலாற்றை அவர் நிரல்படக் கூறியுள்ளார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னரே கண் மங்கத் தொடங்கியமை, காலையில் வாசிக்கத் தொடங்கியதும் கண் நொந்தமை, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தோன்றியமை, இடக்கண் முதலிற் கெட்டமை ஆகியன அக்கடிதத்தில் இடம்பெறுகின்றன. மற்றவர் கடற்படை நிருவாகியும் நாட்குறிப்பாளருமான சாமுவேல் பீப்ஸ். மெழுகுதிரி வெளிச்சத்தில் இடையறாது எழுதிவந்த அவர், கண்ணெரிவாலும் வலியாலும் வருந்தினார். பல கண்ணாடிகளை மாற்றிப் பார்த்தார், மருத்துவரை நாடினார், தாளைக் குழலாகச் சுருட்டி அதனூடே வாசித்தும் பார்த்தார். ஈற்றில் குருடாகிவிடுவோம் என்ற அச்சத்தால் 1669 மே 31 ஆந் திகதி, தம் முப்பத்தாறாவது வயதில், புகழ்பெற்ற அந்நாட்குறிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் அவர் குருடாகவில்லை. 1703 இல் இறக்கும்வரை அவருக்குப் பார்வை இருந்தது. தகுந்த வில்லையொன்றால் நீங்கியிருக்கக்கூடிய கண்களைப்பே அவரை வருத்தியது எனப் பிற்கால மருத்துவ அறிஞர் பலர் கருதுவர்.

மில்டனுக்கு உற்ற நோய் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அழுத்த நோய் என்பாரும் விழித்திரை பிரிந்தமை என்பாரும் உளர். அது எவ்வாறாயினும், இருவரும் தம் கண்ணின் குறையை உரிய காலத்தில் உணர்ந்தனர் என்பது தெளிவு. அவர்களிடத்து அறியாமை இல்லை, அசட்டையும் இல்லை. உண்மையான ஆபத்தையும் பொய்யான அச்சத்தையும் வேறுபடுத்திக் காட்டும் அளவைதான் அவர்கள் காலத்தில் இல்லை. அதனால் ஒருவர் பார்வையை இழந்தார். மற்றவர் பார்வையிருந்தும் எழுத்தை இழந்தார்.

குறையை உணராதிருந்தோரின் வரலாறும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் பின்னர் இங்கிலாந்தின் அரச வானியலாளராக விளங்கியவருமான ஜோர்ஜ் ஏரி, தாம் வாசிக்கும்போது இடக்கண்ணைப் பயன்படுத்துவதேயில்லை என்பதைத் தற்செயலாகக் கண்டறிந்தார். அக்கண் வாசிப்புக்கு முற்றிலும் பயனற்றதாயிருந்தது. வலக்கண் அதன் பணியையும் சேர்த்துச் செய்துவந்தமையால் அவர் அதனை அறியவில்லை. ஒளிப்புள்ளியொன்று அக்கண்ணுக்குக் கோடாக நீண்டு தோன்றுவதை அளந்து, அதற்கேற்ற உருளை வடிவ வில்லையைத் தாமே கணித்து, இப்சுவிச் நகரக் கைவினைஞர் ஒருவரைக்கொண்டு கடைவித்து அணிந்தார். 1825 ஆம் ஆண்டு அவர் இதனை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். வானத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கே தம் ஒரு கண்ணின் நிலை இருபது வயது கடந்தும் தெரியவில்லையெனின், ஏனையோர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தல் என்னும் எளிய செயல் கண் சோதனையின் முதற்படியாக அமைந்ததன் காரணம் இதுவே.

வேதியியலறிஞர் ஜோன் டால்டனின் அனுபவமோ இதனினும் வியப்புக்குரியது. 1792 ஆம் ஆண்டு, பகலில் நீலமாகக் கண்ட ஒரு மலரை மெழுகுதிரி ஒளியிற் சிவப்பாகக் கண்டு திகைத்த அவர், நண்பரை வினவினார். தம் உடன்பிறந்தவரைத் தவிர வேறெவருக்கும் அம்மாற்றம் அவ்வாறு தோன்றவில்லை. பிறர் காணும் நிறங்களைத் தாம் காணவில்லை என்பதை அவர் அறிந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. 1794 இல் மான்செஸ்டர் நகரில் அவர் நிகழ்த்திய உரையே நிறக்குருடு பற்றிய ஆய்வுக்கு வழிவகுத்தது. தம் கண்ணின் உட்பாய்மம் நீலநிறங் கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் விருப்பப்படி 1844 இல் அவர் இறந்தபின் கண்ணைச் சோதித்தபோது அக்கொள்கை பிழையெனத் தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் இழையத்தை 1995 இல் மரபணு முறையில் ஆராய்ந்தோர், நிறமறியும் உணரிகளுள் ஒருவகை அவருக்கு இல்லாதிருந்ததை உறுதிசெய்தனர். பிறப்பிலேயே உள்ள குறை, உடையவர்க்குக் குறையாகத் தோன்றுவதில்லை. உலகமே அவ்வாறுதான் என அவர் எண்ணுவர்.

இவ்வாறு தன்னுணர்வை மட்டும் நம்புதல் போதாது என்பது தெளிவாகிய காலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி மூன்று பெருமாற்றங்களைக் கண்டது. 1851 இல் யேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்நோக்கி என்னும் கருவியை உலகுக்கு அறிவித்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையை மற்றொருவர் நேரே காண்பது அதனால் இயல்வதாயிற்று. 1864 இல் ஒல்லாந்து நாட்டு உட்ரெக்ட் நகரின் டொண்டர்ஸ், கண்ணின் ஒளிமுறிவுக் குறைகளையும் குவியஞ் செய்யும் ஆற்றலின் குறைகளையும் தெளிவாக வேறுபடுத்தித் தம் பெருநூலை வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஸ்னெல்லன் 1862 இல் வெளியிட்ட பார்வை அட்டையே இன்றும் மருத்துவ நிலையச் சுவர்களிற் காணப்படும் எழுத்தட்டைகளின் மூலமாகும்.

ஸ்னெல்லனின் அட்டை தோற்றத்தில் எளியது; கருத்தில் ஆழமானது. ஆறு மீற்றர் தொலைவில் நிற்போர்க்கு, இயல்பான பார்வைக்குரிய எழுத்தின் உயரம் கண்ணில் ஐந்து பாகைத் துளி கோணத்தையும், அதன் ஒவ்வொரு கோட்டின் தடிப்பு ஒரு துளி கோணத்தையும் அமைக்கும். அவ்வெழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 6/6 என்பதன் பொருள், ஆறு மீற்றரிற் காணவேண்டியதை ஆறு மீற்றரிற் காண்கின்றார் என்பதே. 6/60 எனின், பிறர் அறுபது மீற்றரிற் காண்பதை ஆறு மீற்றருக்கு வந்த பின்னரே காண்கின்றார் என்பதாகும். எழுத்தறியாதோர்க்கும் சிறுவர்க்கும் மூன்று கால்களுடைய ரோம எழுத்தொன்றைப் பல திசைகளில் திருப்பிக் காட்டி, அதன் கால் எப்பக்கம் உள்ளது எனக் கேட்கும் அட்டைகளும் வழக்கில் வந்தன. அருந்ததி வசிட்டனிலிருந்து பன்னிரண்டு துளி கோணம் விலகி நிற்பதை இதனோடு ஒப்பிட்டால், பழைய விண்மீன் சோதனை எத்துணைத் தளர்வானது என்பது புலனாகும். அருந்ததியைக் காண்பவரும் அட்டையின் கீழ்வரிகளில் தடுமாறக்கூடும்.

அளவை தோன்றியதும் வரலாற்றின் போக்கு மாறியது. அதுவரை குறையுணர்ந்தவர் கண்ணாடியைத் தேடிச் சென்றார். இனி, குறையுணராதவரைத் தேடிச் சோதனை செல்லலாயிற்று. பிரஸ்லோ நகரின் ஹெர்மன் கோன் என்னும் கண்மருத்துவர் 10,060 பள்ளிப்பிள்ளைகளின் கண்களைச் சோதித்து 1867 இல் முடிபுகளை வெளியிட்டார். கிராமப் பாடசாலைகளிற் குறும்பார்வையுடையோர் மிகச் சிலராயிருக்க, மேனிலைப் பாடசாலைகளில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் அக்குறையுடையவராயிருந்தனர். வகுப்பு உயர உயரக் குறும்பார்வையும் மிகுந்தது. இப்பிள்ளைகளுட் பலர் தமக்குப் பார்வை குறைவென்று அறிந்திருந்திருக்க மாட்டார். கரும்பலகை மங்கலாகவே இருக்குமென எண்ணும் பிள்ளை, தன்னை மந்தனெனக் கூறும் ஆசிரியரின் சொல்லை நம்புவதன்றி வேறென் செய்யும்? பாடசாலைகளில் மாணவர் கண்களைச் சோதிக்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியமைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிகோலின.

புகையிரதப் பகுதியிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1875 நவெம்பரில் சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு புகையிரதங்கள் மோதி ஒன்பதின்மர் இறந்தனர். ஊழியர் சைகை விளக்கின் நிறத்தை அறியாமையே காரணமாகலாமெனக் கருதிய உடற்றொழிலியற் பேராசிரியர் பிரித்தியோவ் ஹோல்ம்கிரென், நிறக் கம்பளி நூல்களைத் தெரிந்தெடுக்கச் செய்யும் சோதனையொன்றை வகுத்தார். 266 புகையிரத ஊழியரைச் சோதித்தபோது பதின்மூவர் நிறக்குருடராகக் காணப்பட்டனர். அவ்விபத்துக்கு நிறக்குருடே காரணம் என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் வரலாற்று நேர்மையாகும். ஆயினும் பதின்மூவரின் குறை ஐயத்துக்கிடமற்றது. அன்றாடம் சிவப்பையும் பச்சையையும் நோக்கித் தொழில் செய்த அவர்களின் குறையைச் சோதனையே வெளிக்கொணர்ந்தது.

இங்ஙனம் நோக்கிவரின் ஓர் ஐயம் எழலாம். அறிகுறி தோன்றியபின் சோதித்தாற் போதாதா? இவ்வினாவுக்கு மிகக் கடுமையான விடை தரும் நோய் குளோக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயாகும். இதில் பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைகின்றது. திடீரெனத் தோன்றும் வகையில் கடும் வலியும், விளக்கைச் சுற்றி வளையமும் உண்டு. ஆனால் நீடித்து வளரும் வகையிலோ பல்லாண்டுகள் எக்குறியும் தோன்றுவதில்லை. நடுப்பார்வை தெளிவாக இருக்க, பக்கப் பார்வை மெல்ல ஒடுங்கும். எழுத்தட்டையின் கடைசி வரியையும் பிழையின்றி வாசிப்பவர் தம் பார்வைப் பரப்பிற் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும். இழந்த பகுதி கருமையாகத் தோன்றாது. அவ்விடத்தில் எதுவுமே தோன்றாது. தோன்றாததை இல்லையென உணர்வது எவர்க்கும் அரிது.

1857 இல் பெர்லின் நகரின் வொன் கிரேபே இந்நோயின் ஒருவகைக்குச் சத்திரசிகிச்சை கண்டறிந்தார். 1889 இல் டென்மார்க்கின் பியெரும் பார்வைப் பரப்பின் நுண்ணிய இழப்புகளை வரைந்து காட்டும் முறையை வகுத்தார். 1905 இல் நோர்வேயின் ஷியோட்ஸ் கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் கருவியொன்றை அறிமுகப்படுத்தினார். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு சிதைவோர் உளர் என்பது பின்னர்த் தெரியவரவே, நரம்பையும் பரப்பையும் அழுத்தத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பது மருத்துவ முறையாயிற்று. இந்நோயிற் போன பார்வையை மீட்கும் வழியில்லை. எஞ்சியதைக் காக்கவே இயலும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி எந்நோய்க்குப் பொருந்தாதாயினும் இதற்குப் பொருந்தும். நீரிழிவினால் விழித்திரையில் உண்டாகும் சிதைவும் தொடக்கத்தில் இத்தகையதே. பார்வை மங்கியபின் வருவோர் பலர் காலங்கடந்தே வருகின்றனர்.

நம் சூழலில் இவ்வரலாறு எந்நிலையில் உள்ளது என்பதையும் சிறிது நோக்குதல் தகும். விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் அமைந்த கண் வைத்தியசாலை, பின்னர் தேசிய கண் வைத்தியசாலையாக வளர்ந்தது. அரச வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிக் கண்ணைக் காட்டும் வாய்ப்பு இந்நாட்டவர்க்குப் பல தலைமுறைகளாக உண்டு. தமிழகத்தில், அரச சேவையிலிருந்து ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வுபெற்ற டொக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் பதினொரு கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரைச் சிகிச்சையில் உலகப் புகழ் எய்தியது. கிராமங்களுக்கே சென்று முகாம் அமைத்து மக்களின் கண்களைச் சோதிப்பது அதன் பணிகளுள் முதன்மையானது. எனினும் முகாம் வாசலுக்கு வந்தபோதும் வராதிருந்தோர் உளர். தூரமும் துணையின்மையும் கூலியிழப்பும் அச்சமும் அதற்குக் காரணங்கள். அவற்றோடு, வயது போனாற் கண் மங்கத்தான் செய்யும் என்னும் சொல்லும் ஒரு காரணம். சரகரின் நூல் சாவின் அறிவிப்பாகக் கண்டதை இச்சொல் முதுமையின் அறிவிப்பாகக் காண்கின்றது. இரண்டிலும் கண் அளக்கப்படவில்லை.

அளந்தால் விளைவது யாது என்பதற்கு அண்மைக்கால ஆய்வொன்று சான்றாகும். அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 தொழிலாளர், வெள்ளெழுத்துடையோர், இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு உடனே கிட்டப் பார்வைக்கான கண்ணாடி வழங்கப்பட்டது. மற்றவர்க்கு ஆய்வு முடிந்தபின் வழங்கப்பட்டது. 2018 இல் வெளியான அதன் முடிபின்படி, கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதோரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறித்தல் கைத்தொழில் மட்டுமன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது எனக் கணத்திற் கண்டு கிள்ளும் கண்தொழிலும் ஆகும். கண்ணாடி கிடைக்கும்வரை அவர்களின் சோர்வு வயதின்மேலோ கையின்மேலோ ஏற்றப்பட்டிருக்கும். நம் மலையகத்து மலைச்சரிவுகளில் கூடை சுமந்து அதே தொழிலைச் செய்யும் பெண்களுள்ளும் நாற்பதைக் கடந்தோர் பலர். நாளின் நிறை குறைந்தால் அவர்களின் கூலியும் குறைகின்றது. அவர்களைப் பொறுத்தவரை வெள்ளெழுத்து என்பது எழுத்தைப் பற்றியதன்று; உலையைப் பற்றியது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடி மக்கள் பார்வைக் குறைபாடுடையோர் எனவும், அவர்களுட் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தவிர்த்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது எனவும் கூறுகின்றது. ஸ்னெல்லனின் அட்டை வெளிவந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலை இதுவாயின், குறை கருவியிலன்று. கருவிக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவிலேயே உள்ளது எனலாம்.

மேற்கூறியவற்றால், சோதனைக்குரிய காலத்தை இருவகையில் அறியலாம் என்பது பெறப்படும். முதலாவது அறிகுறி. நூல் கோக்க இயலாமை, புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தல், பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பலகையை நோக்குதல், வாசித்தபின் தலைநோதல், இரவில் எதிர்வரும் விளக்கு கூசுதல் ஆகியன தோன்றின், விளக்கையும் தாளையும் நோவதை விடுத்துக் கண்ணைக் காட்டுதல் வேண்டும். விளக்கைச் சுற்றி வளையம், திடீரெனப் புள்ளிகளோ மின்னலோ தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதி திரையிட்டாற்போல மறைதல் என்பன நாளை எனத் தள்ளத்தக்கவையல்ல. இரண்டாவது காலம். பள்ளி செல்லத் தொடங்கும் பருவம், நாற்பதாம் வயது, நீரிழிவு கண்டறியப்பட்ட நாள், பெற்றோரோ உடன்பிறந்தாரோ அழுத்த நோயுற்றமை தெரியவந்த நாள் ஆகியவை, எவ்வறிகுறியும் இல்லாதவிடத்தும் சோதனைக்குரியன. அறிகுறிக்குப் பெயரிட்ட தமிழ்ச்சொல்லும் காலத்துக்குப் பெயரிட்ட தெலுங்குச்சொல்லும் ஒன்றையொன்று நிரப்புவன என முன்னர்க் கூறியது இதுபற்றியேயாம்.

பீப்ஸ் தம் நாட்குறிப்பை மூடியபோது அவர் கண்ணை அளக்க ஓர் அட்டைதானும் உலகில் இல்லை. அதே வெள்ளெழுத்துக்கு அஞ்சி ஏட்டை மூடுவோர்க்கும், நிறை குறைந்த கூடையோடு மலையிறங்குவோர்க்கும் இன்று அவ்வட்டை உண்டு. அதன்முன் ஒருமுறை அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவது கற்றவரின் கடமைகளுள் ஒன்றாகும்.